யாரோ போடுகிறார்கள்

எங்கள் வீட்டு நாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது சத்தமாகப் படிப்பார்கள், அவள் எழுந்து வந்துவிடுவாள். நாயை ‘அவள்’ என்று எழுதவும் ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ‘அது’ என்றால் நான். “அது இன்னும் எந்திரிக்கல” என்று என் மனைவி அவள் தங்கையிடம் போனில் சொல்வது என்னைப் பற்றித்தான்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஸ்ரீரங்கத்தில் கோபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக ஊரில் உள்ளவர்களின் சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், பத்திரம், ஜாதகம் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தவன். “ஒரிஜினல் எங்க?” என்று கேட்டுக் கேட்டுச் சந்தேகம் என் நாக்கிலேயே குடியேறிவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் வைக்கிற பாயசத்தையும் ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

நாய் ஒரு மழை நாளில் கடைப் படிக்குக் கீழே வந்து ஒதுங்கியவள். அன்றிலிருந்து ஐந்து வருடம் எங்களோடு இருக்கிறாள். சந்துக்குள் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் வாடகைக்கு இருக்கிறோம். கீழ்வீட்டில் வீட்டுக்கார மாமி தனியாக இருக்கிறார். நாய் அவர் வாசலைத் தாண்டக் கூடாது, அவர் துணி காயும் கொடியின் கீழே நிற்கக் கூடாது என்பதுதான் வாடகை ஒப்பந்தத்தின் முக்கியமான ஷரத்து. அதை ஜெராக்ஸ் எடுத்தவனும் நானே.

போன வருடம் ஆடி முடிந்த சமயம் அவளுக்கு வயிறு கெட்டது. முதலில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், பிறகு தினமும். காலையில் நடக்கக் கூட்டிப் போனால் வீட்டிலிருந்து முதல் மின்கம்பம் வரைகூடத் தாங்கமாட்டாள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். இரண்டு மாதத்தில் முதுகெலும்பைத் தொட்டு எண்ணலாம் போல ஆகிவிட்டது. வால் மட்டும் பழையபடி ஆடியது. அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, யாரோ எதையோ போடுகிறார்கள் என்று. விஷம் வைப்பவர்கள் மொத்தமாக வைப்பார்கள், இது கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிற ஆள் என்று மனைவியிடம் விளக்கினேன்.

“யாரு வைப்பா? நம்மகிட்ட என்ன இருக்குன்னு வைப்பாங்க?” என்றாள்.

“கீழ மாமிக்கு நாயே புடிக்காது.”

“மாமிக்கு உங்களையும்தான் புடிக்காது. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க.”

உறையூரில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். ஸ்கூட்டரில் நான் ஓட்ட, பின்னால் மனைவி நாயை மடியில் போட்டுக்கொண்டு, காவிரிப் பாலத்தில் காற்று அடிக்க அடிக்கப் போவோம். பூச்சி மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. மலம், ரத்தம் பரிசோதித்தார். ஸ்கேன் எடுத்தார். மூன்றாவது முறை போனபோது ரிப்போர்ட்டுகளை மேஜையில் பரப்பி வைத்து, “விஷம் எல்லாம் இல்ல சார்,” என்றார். “குடல் அழற்சின்னு சொல்லுவோம். குடல் சுவர் தடிச்சுப் போயிருக்கு. சாப்பிடற சத்து ரத்தத்துல நிக்காம வெளிய ஒழுகுது.”

“யாரால டாக்டர்?”

அவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாகத் தள்ளினார். “உங்க தெருவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கா?”

“இருக்கு. நான்தான் அட்மின்.”

“அப்ப உங்களுக்குச் சட்டுனு புரியும்,” என்று சொல்லி, ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு வளைந்து வளைந்து ஒரு குடல் வரைந்தார். “குடல் சுவர்ல காவல்காரங்க இருக்காங்க. எதிர்ப்பு செல்லுங்க. தினம் சோறு வரும், பால் வரும். இது நம்ம ஆளுதான்னு விட்டுடுவாங்க. இவளுக்கு அதுல ஒருத்தன் தப்பா நெனச்சுக்கறான். யாரோ புது ஆளு தெருவுல சுத்தறான்னு ஒரு சேதி போடறான். கெமிக்கல்ல போற சேதி. பக்கத்து செல்லு அதை வாங்கி இன்னும் பத்துப் பேருக்கு ஃபார்வர்ட் பண்ணுது. உடனே ரத்தத்துல இருந்து கூட்டம் கூட்டமா செல்லுங்க கம்போட இறங்கிடுது.”

“வந்து?”

“வந்து பாத்தா திருடன் இல்ல. வந்தவங்க சும்மா போவாங்களா? சுவரையே அடிக்கறாங்க. சுவர் விரியுது. விரிஞ்ச எடத்துல சோறு, கிருமி எல்லாம் உள்ள கசியுது. மொதல்ல சேதி போட்டவன், பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்லங்கறான்.”

“நிறுத்தச் சொல்ல ஆளு இல்லையா?”

“இருக்கணும். ‘போதும், அவர் பால்காரர்தான், எல்லாரும் வீட்டுக்குப் போங்க’ன்னு ஒரு சேதியும் அனுப்புவாங்க. இவ உடம்புல அந்தச் சேதி போய்ச் சேரல. ஏன்னு கேக்காதீங்க. பரம்பரை, வயித்துல இருக்கிற கிருமி, சாப்பாடு, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். முழுசா யாருக்கும் தெரியாது.”

முழுசாகத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னால் எனக்கு மரியாதை வர வேண்டும். சந்தேகம்தான் வந்தது.

வைத்தியம் ஒரு மூட்டை உணவு. அதில் உள்ள புரதத்தை ரொம்பச் சின்னதாக உடைத்திருப்பார்களாம். காவல்காரர்களுக்கு அடையாளம் தெரியாதாம்.

“மாறுவேஷம் மாதிரியா டாக்டர்?”

“மாறுவேஷம் இல்ல. ஆளையே துண்டு துண்டா வெட்டி…”

“வேணாம், வெளங்கிடுச்சு.”

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஆறு வாரம். இதுவும் தண்ணியும் மட்டும். வேற ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது. ஒத்துக்கிச்சுன்னா ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிடும். ஒத்துக்கலைன்னா மயக்கம் குடுத்து, குடலுக்குள்ள கேமரா விட்டு, சதை எடுத்துப் பாக்கணும். அப்புறம் காவல்காரங்களையே அடக்கி வைக்கிற மருந்து. இவ இப்ப இருக்கிற நிலைமையில மயக்கம் குடுக்க எனக்கே பயமா இருக்கு சார்.”

திரும்பி வரும்போது பாலத்தில் என் முதுகில் இரண்டு மூச்சு மாறி மாறிப் பட்டது. ஒன்று மனைவியுடையது.

அன்றே கடையில் உட்கார்ந்து நோட்டீஸ் அடித்தேன். ‘இந்த நாய்க்குச் சோறு, பிஸ்கட், பன், எலும்பு, முட்டை, பால், டிபன் வகைகள் எதுவும் போடாதீர்கள். உயிர்ப் பிரச்சினை.’ மேலே அவள் போட்டோ. எழுத்தைவிடப் போட்டோ பெரிதாகிவிட்டதால் நாயைக் காணவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. இரண்டு நாளைக்கு எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. அவள் என் காலடியில் படுத்திருக்க, லால்குடி பஸ்ஸில் அவளைப் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார்.

சந்தின் முனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். அதன் சொந்தக்காரர் என்னைவிட மூத்தவர், குறைவாகப் பேசுகிறவர். என் நோட்டீஸை வாங்கித் தன் வண்டியின் முன்பக்கம் பசை தடவி ஒட்டிக்கொண்டார். “நான் பாத்துக்கறேன் சார்,” என்றார். அப்படி வலிய வந்து சொல்கிறவரைத்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டும் என்று என் தொழில் அனுபவம் சொன்னது.

ஒரு வாரம் போனது. மாற்றம் இல்லை. இரண்டாவது வாரமும் அதே முதல் மின்கம்பம். மூட்டை உணவை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். நானும் மனைவியும் இட்லி சாப்பிடும்போது அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம். தரையைத் துடைத்தோம். குப்பைக் கூடையைப் பரண் மேல் ஏற்றினோம். அப்படியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஒரு காலை இஸ்திரி வண்டிக்கு அடியில் பன் கவர் ஒன்று கிடந்தது. குனிந்து எடுத்தேன். புதுக் கவர்.

“அண்ணே, இது யாரு போட்டது?”

“நான்தான் சார். அந்தப் பக்கத்துத் தெரு நாய் ரெண்டு வருது, அதுங்களுக்கு.”

“எங்க நாய் இந்த வழியாத்தானே போவுது?”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்க நாய் வந்தா நான் கையைக்கூட நீட்டறதில்ல சார். உங்க நோட்டீஸு என் வண்டியிலதான் இருக்கு.”

நான் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். போய் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். பெயர் சொல்லவில்லை, நான் நாகரிகமானவன். ‘தெருமுனையில் நாய்களுக்கு உணவு போடும் நபரை அனைவரும் கவனிக்கவும். என் நாயின் உயிர் ஊசலாடுகிறது.’

மத்தியானத்துக்குள் பதில்கள் நாற்பதைத் தாண்டின. எதிர்வீட்டுக்காரர், ‘எனக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம்’ என்றார். எதில் சந்தேகம் என்று சொல்லவில்லை. இன்னொருவர் போன தீபாவளிக்குக் கொடுத்த வேட்டி ஒன்று திரும்பி வரவில்லை என்றார். ஒருவர் கைகூப்பிய பொம்மை போட்டார், எதற்கென்று தெரியாது. அந்த வாரம் இஸ்திரி வண்டியில் மூட்டைகள் குறைந்தன. நான்கு வீட்டுத் துணி அடுத்த தெருவுக்குப் போனது. அவர் எப்போதும்போல நோட்டீஸுக்குப் பின்னால் நின்று, இருக்கிற சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து வைக்கிற வணக்கத்தை மட்டும் நிறுத்திவிட்டார். அதையும் நான் குற்றமுள்ள நெஞ்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் உறையூர் போனோம். எடை பார்க்கும் மேடையில் அவளால் நிற்க முடியவில்லை, மனைவி பிடித்துக்கொண்டாள். போன தடவையைவிடக் குறைந்திருந்தது. டாக்டரம்மா எண்ணை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“என்னமோ உள்ள போவுது சார். தெருவுல இல்ல. வீட்டுல.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி நாயைப் பார்த்தாள். நாய் டாக்டரம்மாவின் கையை நக்கியது.

“இன்னும் ஒரே ஒரு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்,” என்றார்.

அன்று மாலையே பழைய மொபைல் ஒன்றை மாடிப்படி முடிகிற இடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் சாய்த்து வைத்து, சார்ஜரைச் செருகி, வீடியோவை ஓடவிட்டேன். அவள் பகலெல்லாம் படுத்திருப்பது அந்த இடத்தில்தான். மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் என் சந்தேகப் பட்டியலில் இருந்தாள். அவளும் தன் பங்குக்கு என் சட்டைப் பையில் பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

மூன்று நாள் பதிவானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனி மறைக்க முடியாது என்று மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டேன். நாய் தூங்குகிறது. நாய் இந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறது. வேகமாக ஓட்டினேன். காலை ஒன்பது மணிக்குப் படியில் ஒரு மடிசார் தெரிந்தது. கீழ்வீட்டு மாமி. கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம். அக்கம்பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து உத்தரணிக் கரண்டியால் நாயின் வாயில் ஏதோ விட்டார். இரண்டு தடவை. அவள் தலைக்கு மேல் கையை நீட்டி, தொடாமல், ஏதோ சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

“பாத்தியா. நான் மொத நாளே சொன்னேன்ல?”

சொல்லி முடித்த பிறகுதான் இந்த வாக்கியத்தை வேறு எங்கோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. குடல் படம் ஞாபகம் வந்தது. ஆனாலும் வெற்றி வெற்றிதான். “இரு, முழுசா பாப்போம், வேற யாரும் கூட்டான்னு தெரியணும்,” என்று ஓடவிட்டேன்.

மாலை ஏழேகாலுக்கு ஓர் ஆள் படியேறி வந்தான். தொந்தி முதலில் வந்தது, பின்னால் ஆள். மூச்சு வாங்கக் கடைசிப் படியில் உட்கார்ந்தான். கையில் தொன்னை. அவள் எழுந்து எதிரில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அவன் கண்ணை மூடித் தன் வாயில் ஒரு கவளம் போட்டுக்கொண்டான். அடுத்த கவளத்தை நாயின் நாக்கில் வைத்தான். இன்னொன்று வைத்தான். கையில் ஒட்டியிருந்த நெய்யை அவள் நக்கி முடிக்கும்வரை காட்டிக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கையால் அவள் நெற்றியைத் தடவிவிட்டு எழுந்து உள்ளே போனான்.

நான் மொபைலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்.

“யாருங்க அது?” என்றாள் மனைவி.

“மூஞ்சி தெளிவா இல்ல,” என்றேன்.

இதை வெளியூர்க்காரர்கள் நம்புவது கடினம். ஆனால் அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் பிரசாதம் சாப்பாட்டில் சேராது. இரண்டு தொன்னை புளியோதரையும் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கலும் உள்ளே தள்ளிவிட்டு வருகிறவனை “சாப்டாச்சா?” என்று கேட்டுப் பாருங்கள். “இல்லைங்க, கோயில்ல பிரசாதம்தான்” என்பான். என் சர்க்கரை டாக்டரிடம் நான் ராத்திரி இரண்டு சப்பாத்தி மட்டும்தான் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இருந்ததில்லை. கடை பூட்டியதும் கோயில், கோயிலிலிருந்து தொன்னை, தொன்னையிலிருந்து அவளுக்கு ஒரு வாய். ஐந்து வருடப் பழக்கம். யார் என்ன போட்டார்கள் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட பட்டியலில் அது ஒரு நாளும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் ஒரு கவளம்தான் கொடுப்பேன். அவளுக்கு உடம்பு கெட்ட பிறகுதான் இரண்டாக்கினேன். முடியாதவளாயிற்றே, பெருமாள் பிரசாதம் கொஞ்சம் கூடவே உள்ளே போகட்டும் என்று. அவள் எவ்வளவு இளைத்தாளோ அவ்வளவு பெரிதாகக் கவளம் பிடித்திருக்கிறேன்.

மனைவி வீடியோவை நிறுத்தினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். “மொதல்ல கீழ போய் மாமிகிட்ட சொல்லுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

மாமியிடம் போனேன். வாசலுக்கு வெளியே நின்று, குற்றம் சாட்ட வந்தவனும் குற்றவாளியும் ஒரே ஆளாக இருப்பதன் சங்கடத்தோடு ஆரம்பித்தேன். “மாமி, நாய்க்கு நீங்க பால் ஏதாவது…”

“பாலா? நான் எதுக்குக் குடுக்கப் போறேன்? நீங்கதான் குடுக்கப்படாதுன்னு நோட்டீஸ்ல பெரிசா எழுதியிருக்கேளே.”

“காலம்பற ஒம்பது மணிக்கு ஒரு கிண்ணத்துல…”

“அதுவா. அது பெருமாளுக்குப் படைச்சு, கண்டருளப் பண்ணின பால். அதைப் போய்ப் பால்ங்கறேளே.” கொஞ்சம் நிறுத்தினார். “இந்த ஜீவன் எலும்பும் தோலுமா படுத்திண்டிருக்கு. பாத்துண்டு இருக்க முடியலை. தினம் அதுக்காகவும் சேத்து வேண்டிண்டு ரெண்டு சொட்டு விட்டேன். அது தப்பா?”

நாயைப் பிடிக்காதவர் என்று நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தவர் தினம் மாடி ஏறியிருக்கிறார், முட்டி வலியோடு. டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். காவல்காரர்கள், சேதி, கம்பு, சுவர். மாமி முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படின்னா இனிமே வேண்டிக்கறதை மட்டும் பண்றேன்,” என்றார்.

இஸ்திரி வண்டிக்குப் போக எனக்கு அன்று முழுக்கத் தைரியம் வரவில்லை. மறுநாள், தேய்த்த சட்டைகளையே மறுபடி கசக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கி, பிரித்துப் பார்த்து, “இது ஏற்கெனவே தேச்சதாச்சே சார்,” என்றார்.

“அண்ணே, நாய்க்குப் போட்டது நான்தான். பிரசாதம்.”

அவர் பெட்டியில் கங்குகளை ஊதிக்கொண்டே கேட்டார். “குரூப்புல போட்டீங்களாமே என்னைப் பத்தி. துணி குடுக்க வந்த ஒரு அம்மா காட்டுனாங்க.”

“போட்டேன்.”

“இதையும் போடுவீங்களா?”

அங்கேயே நின்று போட்டேன். ‘என் நாய்க்கு உணவு கொடுத்தது நானே. இஸ்திரிக்காரர் ஒரு தவறும் செய்யவில்லை. என்னை மன்னிக்கவும்.’ முதல் செய்திக்கு நாற்பது பதில் வந்த இடத்தில் இதற்குச் சாயங்காலம் வரை ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் என் மனைவி போட்டது. நிறுத்தச் சொல்கிற சேதி ஏன் போய்ச் சேர்வதில்லை என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதபோது எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த நான்கு நாள் கடையைத் திறப்பதற்கு முன் அந்த நான்கு வீட்டுக் கதவையும் நானே தட்டினேன். மூன்று வீட்டுத் துணி திரும்பியது. வேட்டி காணாமல் போனவர் மட்டும், “இருந்தாலும்…” என்று இழுத்தார். அவருக்கு அந்த வேட்டியை ஒருநாள் அவர் பீரோவிலேயே கண்டுபிடிக்கும் பாக்கியம் கிடைக்கட்டும்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். “திருச்சியில பிராக்டிஸ் பண்றேன், நானும் அதைக் கேக்காம விட்டுட்டேன் பாருங்க,” என்றார். “இன்னிக்கே மறுபடி மொதல் நாளுன்னு வச்சுக்கங்க.”

அந்த முதல் வாரம்தான் கஷ்டம். ஏழேகாலுக்கு அவள் மாடிப்படியில் வந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிடுவாள். நான் வெறுங்கையோடு ஏறிப் போவேன். அவள் என் விரல்களை மோந்து பார்த்துவிட்டு, என்ன கோபமோ என்று என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்பதாவது நாள் காலை முதல் மின்கம்பத்தைத் தாண்டிப் போனாள். இரண்டாவதையும் தாண்டினாள். மூன்றாவதில் நின்று போனதை நான் குனிந்து போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். கெட்டியாக, ஒழுங்காக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தது. அவசரத்தில் அது தெரு குரூப்புக்கும் போய்விட்டது. அதற்கு உடனே பதினெட்டு பதில்.

ஆறு வாரம் கழித்து எடை மேடையில் தானாக ஏறி நின்றாள். எண் கூடியிருந்தது. கேமரா வேண்டாம், மயக்கம் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. “ஆனா இது போயிடுச்சுன்னு நெனச்சிடாதீங்க. காவல்காரங்க அங்கயேதான் இருக்காங்க. யாராவது ஒரு வாய் குடுத்தா மறுபடி சேதி போடுவாங்க.”

அந்த ‘யாராவது’ யார் என்று இப்போது சந்தில் எல்லோருக்கும் தெரியும். கோயிலிலிருந்து திரும்பும்போது இஸ்திரி வண்டியைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இஸ்திரிக்காரர் வணக்கத்தை மறுபடி ஆரம்பித்துவிட்டார். கூடவே ஒரு வேலையும் சேர்த்துக்கொண்டார்.

“கையக் காட்டுங்க சார்.”

காட்டுகிறேன்.

குனிந்து மோந்து பார்க்கிறார். “புளியோதரை. கொழாயில கழுவிட்டுப் போங்க.”

“கழுவிட்டுத்தான் வரேன் அண்ணே.”

“இன்னொரு தடவ கழுவுங்க,” என்கிறார், பெட்டியைச் சட்டை மேல் ஓட்டியபடி, என்னை நம்பாமல்.